மனத்தைத் தொடுபவருக்கு என்ன சான்று?

தோட்டத்து மருத்துவமனையில் டிரஸர் இருந்த காலத்தைக் கோப்பெங் வட்டாரத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. காய்ச்சலுக்குக் கலவை மருந்து, பால்வெட்டும் கத்தி பட்டால் கட்டு, பிள்ளைக்குப் பேதி என்றால் ஒரு புட்டி. பெரிய டாக்டர் எப்போதாவது வருவார். அன்றாடம் உயிரைக் காத்தவர் டிரஸர்தான். அந்த டிரஸர் கூட யார் வேண்டுமானாலும் ஆகிவிட முடியாது என்று 1965-இல் ஒரு சட்டம் வந்தது. தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் என்பது அதன் பெயர். காட்டுக்குள் இருக்கும் தோட்டத்தில் ஊசி போடுகிறவரும் அரசாங்கத்திடம் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்று அது சொன்னது.

அதே தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் இரவெல்லாம் தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சில்லை, சோறு இறங்கவில்லை என்றால் அவர் யாரிடம் போனார்? கோயில் பூசாரியிடம் போனார். மந்திரிப்பவரிடம் போனார். அதிலும் தேறவில்லை என்றால் தஞ்சோங் ரம்புத்தான். இடையில் வேறு கதவு எதுவும் இல்லை.

இன்று இடையில் பல கதவுகள் இருக்கின்றன. ஈப்போவில் அறிவிப்புப் பலகைகள் தொங்குகின்றன. முகநூலில் விளம்பரங்கள் வருகின்றன. "மனநல நிபுணர்", "சைக்காலஜிஸ்ட்", "தெரப்பிஸ்ட்", "லைஃப் கோச்" என்று பட்டங்கள் நீளுகின்றன. இவர்களில் யார் சட்டப்படி தகுதி பெற்றவர்? யாரிடம் பிள்ளையை நம்பி அழைத்துச் செல்லலாம்? கடந்த சில ஆண்டுகளில் மலேசியாவில் வந்துள்ள சட்டங்கள் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. அந்தப் பதில் நம் வீடுகளுக்கு முழுமையாக வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

பெயரைக் கேட்டாலே பயம்

கோப்பெங்கிலிருந்து ஈப்போ ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஈப்போவைத் தாண்டினால் தஞ்சோங் ரம்புத்தான். அங்கே 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. மலாய் மொழியில் பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மகிழ்ச்சியாக இருந்தாலும் பேராக் தமிழர்களின் வாயில் அந்த ஊர்ப்பெயர் ஒரு வசைச்சொல்லாகவே புழங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் வேடிக்கையாக நடந்துகொண்டால், "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள்.

இந்த ஒரு வாக்கியம் செய்த தீங்கு கொஞ்சமல்ல. மனம் சோர்ந்தவர் உதவி கேட்கப் பயந்தார். வீட்டில் உள்ளவர்கள் மறைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், தங்கைக்கு வரன் அமையுமா என்ற கவலை நோயை விடப் பெரிதாக நின்றது.

ஒருமுறை உள்ளே போனால் திரும்ப முடியாது என்ற எண்ணமும் இதில் சேர்ந்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1952-ஆம் ஆண்டின் பழைய மனநோய்ச் சட்டத்துக்குப் பதிலாக 2001-இல் மனநலச் சட்டம் நிறைவேறியது. 2010 ஜூன் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. தானாக முன்வந்து சேருகிறவருக்கு ஒரு முறை, கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்படுகிறவருக்கு ஒரு முறை என்று அது பிரித்துச் சொல்கிறது. கட்டாயமாகச் சேர்க்க வேண்டுமானால் மருத்துவர் நேரில் பரிசோதித்து எழுதித் தர வேண்டும். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் மறுபரிசோதனை உண்டு. மருத்துவமனையைப் பார்வையிட ஒரு குழுவும் உண்டு. மாமியார் சொன்னார், மைத்துனர் சொன்னார் என்று ஒருவரைப் பூட்டி வைக்க இடமில்லை.

மூன்று பேர், மூன்று சட்டங்கள்

மனநலத் துறையில் பொதுமக்கள் குழப்பிக்கொள்ளும் மூன்று பேரைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலாமவர் மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். இவர் முதலில் டாக்டர். பிறகு மனநோய்த் துறையில் மேற்படிப்பு முடித்தவர். மாத்திரை எழுதித் தரலாம், மருத்துவமனையில் சேர்க்கலாம். 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தின் கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் இவருடைய பெயர் பதிவாகியிருக்கும்.

இரண்டாமவர் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இவர் டாக்டர் அல்லர். மாத்திரை எழுத முடியாது. சோதனைகள் வழியாக நோயின் தன்மையைக் கண்டறிவார். பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சிகிச்சை தருவார். இந்தத் துறையில் முதுகலைப் பட்டமும், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சியும் இவருக்கு வேண்டும்.

மூன்றாமவர் கவுன்சலர். குடும்பச் சிக்கல், படிப்பு, வேலை, துக்கம் போன்றவற்றில் மனம் தடுமாறுகிறவருக்கு வழிகாட்டுகிறவர். இவருக்கு 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டம் இருக்கிறது. மலேசியக் கவுன்சலர் வாரியத்தில் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கள் பெயருக்குப் பின்னால் "கேபி", "பிஏ" என்ற மலாய்ச் சுருக்கெழுத்துகளைப் போட்டுக்கொள்வது வழக்கம். முன்னது பதிவு பெற்ற கவுன்சலர் என்பதைக் குறிக்கும். பின்னது தொழில் சான்றிதழ் உண்டு என்பதைக் குறிக்கும்.

இந்த மூவரில் நடுவில் இருப்பவருக்குத்தான் நீண்ட நாள் சட்டம் இல்லாமல் இருந்தது. டாக்டருக்குச் சட்டம் இருந்தது. கவுன்சலருக்கு 1998-இல் வந்தது. தோட்டத்து டிரஸருக்கு 1965-இலேயே வந்துவிட்டது. மருத்துவ உளவியலாளருக்கு 2016-இல்தான் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 774-ஆம் எண் கொண்ட அந்தச் சட்டத்தின் பெயர் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 1-ஆம் தேதி. அந்தத் தேதி வரை அந்தப் பலகையை மாட்டுகிறவர் எங்கே படித்தார், எவ்வளவு படித்தார் என்று கேட்க ஒரு மன்றம் இருக்கவில்லை.

இந்தச் சட்டம் 23 தொழில்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. பிசியோதெரப்பிஸ்ட், உணவு முறை ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர், செவித்திறன் நிபுணர் ஆகியோருடன் மருத்துவ உளவியலாளரும் அதில் அடக்கம். இவர்களுக்கென்று சுகாதார அமைச்சின் கீழ் ஒரு மன்றம் செயல்படுகிறது. தகுதி இருந்தால்தான் அந்த மன்றம் பெயரைப் பதியும். பதிந்த பிறகும் தொழில் சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் குற்றம். அபராதமும் சிறைத்தண்டனையும் உண்டு. பதிந்தவர் நெறி தவறினாலும் விசாரணை உண்டு. பெயரை நீக்கவும் மன்றத்தால் முடியும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் பட்டியலில் இருப்பது "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்ற முழுப் பெயர். வெறும் "சைக்காலஜிஸ்ட்" என்ற சொல்லுக்கு அதே வேலி போடப்படவில்லை. கம்பாரில் இருக்கும் உத்தார் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளங்கலைப் பட்டம் பெற்று ஊர் திரும்பும் பிள்ளைகள் கோப்பெங்கிலும் இருக்கக்கூடும். அந்தப் படிப்பு பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. மூன்று நாள் பயிற்சிப் பட்டறையில் சான்றிதழ் வாங்கியவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ரகசியம் காப்பாற்றப்படுமா?

கோப்பெங் சிறிய ஊர். காலையில் கடைத்தெருவில் பேசியது மாலைக்குள் லாவான் கூடா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "நோய் குணமாகுமா" என்பது அன்று. "வெளியில் சொல்லிவிடுவார்களா" என்பதுதான்.

பதிவின் பெரிய பயன் இங்கேதான் தெரிகிறது. பதிவு பெற்றவர் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது அவருடைய தொழில் நெறி. மீறினால் அவர்மீது புகார் கொடுக்க ஒரு மன்றம் இருக்கிறது. பதிவு இல்லாதவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

ரகசியத்துக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதைத் தடுக்க உரியவர்களுக்குச் சொல்லலாம். நீதிமன்றம் உத்தரவிட்டால் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை அடித்தோ வேறு வகையிலோ துன்புறுத்தப்படுவதாக டாக்டர் நம்பினால், 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி சமூகநல அதிகாரிக்குத் தெரிவிப்பது அவருடைய கடமை. நல்ல நிபுணர் இந்த எல்லைகளை முதல் சந்திப்பிலேயே விளக்கிவிடுவார்.

309 போய்விட்டது

இந்தப் புதிய சட்டங்களில் நம் குடும்பங்களை நேராகத் தொடுவது இன்னொன்று.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா பால்வெட்டியவர், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு ஊருக்கு வெளியே மலிவு வீட்டில் குடியேறியவர்கள். பத்தொன்பது வயது மகன் ஈப்போ தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். சில மாதங்களாக அறையை விட்டு வருவதில்லை. ஒரு நாள் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறான், நல்லவேளை, பிழைத்துக்கொள்கிறான். அம்மாவுக்கு உடனே வரும் எண்ணம் என்ன? மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அடுத்த நொடியே பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்: "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும்க்கா. பையன் எதிர்காலம் போயிடும்."

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1860-இல் இந்தியாவுக்கு ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்த அதே பிரிவு, அதே எண்ணோடு கடல் கடந்து இங்கே வந்தது. பிழைத்து எழுந்தவரை நீதிமன்றத்தில் நிறுத்திய வழக்குகளும் இந்த நாட்டில் நடந்தன.

2023 மே 22-ஆம் தேதி மக்களவை இந்தப் பிரிவை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று மலேசியாவில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் குற்றவாளி அல்லர். அவர் நோயாளி. மகனை மருத்துவமனைக்குக் கொண்டு போகும் தாய் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும்.

அதோடு மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. முன்பு ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் அதிகாரம் போலீசுக்கும் சமூகநல அதிகாரிக்கும் இருந்தது. இப்போது தீயணைப்பு வீரர்கள், பொதுத் தற்காப்புப் படையினர் முதலியோருக்கும் அந்தப் பொறுப்பு தரப்பட்டுள்ளது. யூனிஃபார்ம் போட்டவர் வீட்டு வாசலில் நின்றால் கைது செய்யத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணத் தேவையில்லை. அதே வேளையில், ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டுவது இன்றும் குற்றம்தான். அதில் மாற்றமில்லை.

இலங்கை இந்தக் குற்றப் பிரிவை 1998-லேயே நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் அது இல்லை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் பழைய 309-இன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. மலேசியா இந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததே நல்லது.

சட்டம் உதவியா, தடையா?

பதிவுச் சட்டத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு.

ஒரு தரப்பு இப்படிக் கேட்கிறது: முதுகலை முடித்து, பயிற்சி முடித்து, பதிவு முடித்து வருகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களில் தமிழில் பேசக்கூடியவர்கள் எத்தனை பேர்? தனியார் நிலையங்களில் ஒரு மணி நேரத்துக்கு 200 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கும் இடங்கள் உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்று இருக்கும் நாட்டில் வாரம் ஒரு முறை இதை யார் கட்டுவது? பாஷை தெரியாத நிபுணரை விடப் பாஷை தெரிந்த பக்கத்து வீட்டுப் பாட்டி மேல் அல்லவா?

மறு தரப்பு இப்படிப் பதில் சொல்கிறது: பாட்டியின் ஆறுதலைச் சட்டம் தடுக்கவில்லை. பூசாரி திருநீறு பூசுவதையும் தடுக்கவில்லை. கெல்லி காசல் மாளிகையைக் கட்டிய நம் முன்னோர்கள், தோட்டத்தில் கொள்ளை நோய் வந்தபோது மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள் என்பது இந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பத்து காஜாவிலிருந்து கோப்பெங் வரும் சாலையில் மாளிகைக்குச் சற்றுத் தள்ளி அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. நோய் வந்தால் அம்மனிடம் போவது நம் வழக்கம். அது துணிவு தரும். ஆனால் நோயைக் கண்டறியத் தெரியாதவர், தெரிந்ததுபோல் பலகை மாட்டி, பணம் வாங்கி, "மாத்திரையை நிறுத்து" என்று சொல்வது வேறு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்திய நோயாளிக்கு என்ன ஆகும் என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். சட்டம் தடுப்பது இந்த ஆளைத்தான்.

இரண்டாம் தரப்பின் வாதமே கனமானது. ஆனால் முதல் தரப்பின் கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை. வேலி போட்ட அரசாங்கம் உள்ளே போக வாசலும் வைக்க வேண்டும். தேசிய சுகாதார ஆய்வு 2019-இல் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்ததாகச் சொன்னது. 2023-இல் அது 4.6 விழுக்காடு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். தேவை இரட்டிப்பாகும்போது தமிழ் பேசும் நிபுணர்களும் பெருக வேண்டும். உளவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இளங்கலையோடு நின்றுவிடாமல் மேலே படிக்கக் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் கை கொடுத்தால், அது பத்துத் தேருக்குச் சமம்.

கோப்பெங்கில் இருப்பவர் என்ன செய்யலாம்?

முதல் படி மிக அருகில் இருக்கிறது. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மனநலப் பரிசோதனை செய்கிறார்கள். சில கேள்விகள் கொண்ட ஒரு தாள்தான் அது. கட்டணம் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். தேவைப்பட்டால் அங்குள்ள டாக்டரே கடிதம் கொடுத்து, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ பஹாகியாவுக்கோ அனுப்புவார். கடிதத்தோடு போனால் தனியாருக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதி கூட ஆகாது. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்கலாம்; கேட்பதில் வெட்கம் இல்லை. மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளையை உட்கார வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. அப்பாவின் துயரத்தைப் பத்து வயது மகள் மலாயில் சொல்ல வேண்டியிருந்தால் அப்பா உண்மையைச் சொல்லமாட்டார்.

தனியாரிடம் போவதென்றால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்? உங்கள் பதிவு எண் என்ன? தொழில் சான்றிதழ் இந்த ஆண்டு செல்லுமா? பதிவு பெற்றவர் இதற்குக் கோபப்படமாட்டார். சொன்ன எண்ணை அந்தந்த மன்றத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். வருமான வரி இலாகா கூட மனநல ஆலோசனைச் செலவுக்குக் கழிவு தரும்போது இந்த மூன்று சட்டங்களின் கீழ் பதிந்தவர்களின் ரசீதைத்தான் ஏற்கிறது. வரி இலாகா பார்க்கும் சான்றைப் பெற்றவர்களும் பார்க்கலாம் அல்லவா?

பள்ளிப் பிள்ளை என்றால் இடைநிலைப் பள்ளிகளில் கவுன்சலிங் ஆசிரியர் இருக்கிறார். அவரிடமிருந்தே தொடங்கலாம்.

நள்ளிரவில் மனம் தாங்காமல் போகும் நேரமும் உண்டு. அப்போது விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. மகளிர், குடும்ப மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே எண் 15999. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-76272929. ஈப்போவிலும் அந்த அமைப்பு இயங்குகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

தோட்டத்தில் டிரஸர் வந்த பிறகு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது நின்றுவிடவில்லை. காய்ச்சலுக்கு மருந்தும் குடித்தார்கள், கோயிலுக்கும் போனார்கள். உடம்புக்குச் செய்ததை மனத்துக்கும் செய்யலாம். பூசாரியிடம் போகிற அன்றே கிளினிக்குக்கும் போகலாம். பிழைத்து வந்த பிள்ளையைப் போலீசுக்குப் பயந்து அறைக்குள் மறைத்து வைக்கும் காலம் 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அந்தச் செய்தி கோப்பெங்கில் ஒரு வீட்டுக்குத் தெரியாமல் இருந்தாலும், தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொல்ல வேண்டும்: "அக்கா, இப்ப கேஸ் இல்லக்கா. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."